சொன்ன விலை

அத்தியாயம் 17

அய்யாத்துரை விலை சொல்லும் அழகைப் பார்ப்பதற்காகவே தாராவி மெயின் ரோட்டில் அவர் கடை வாசலில் பத்து நிமிஷம் நிற்கலாம். அறுநூறு ரூபாய்க்குக் கொடுக்கப்போகிற தோல் பையைக் கொக்கியிலிருந்து எடுத்து, இல்லாத தூசியைத் தட்டி, "ஆயிரத்து இருநூறு" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. வந்தவர் நானூறு என்பார். இவர் பையைத் திரும்ப மாட்டப் போவார். வந்தவர் நாலு அடி நடப்பார். இவர் கூப்பிடுவார். கடைசியில் அறுநூறுக்குப் பை கைமாறும். இரண்டு பேருக்கும் ஜெயித்த திருப்தி.

இருபத்தாறு வருஷத்தில் இதை அவர் ஒரு நாளும் பொய் என்று நினைத்ததில்லை. பொய்யென்றால் அது கேட்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். கடைக்காரன் இரண்டு மடங்கு சொல்வான், நாம் பாதிக்குக் கேட்க வேண்டும் என்பது தாராவிக்குப் பை வாங்க வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி.

அந்த நினைப்பில்தான் மகளுடைய கல்லூரிப் படிவத்தையும் அவர் எழுதி வைத்தார்.

மகள் கோகிலவாணிக்குப் பதினேழு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, படிப்பு நிற்கவில்லை. கீழே பை தைக்கிற பட்டறை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வீடு. அந்த வீட்டின் ஜன்னலோர மூலைதான் அவள் வகுப்பறை. திறந்தநிலைப் பள்ளி வாரியத்தில் பத்தாவது எழுதித் தொண்ணூற்று நான்கு சதவீதம் வாங்கினாள். வருகிற ஏப்ரலில் பன்னிரண்டாவது. அதற்குள், யாரையும் கேட்காமல், புனே போகிற வழியில் மலைமேல் இருக்கிற ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். பத்தாயிரம் பேர் கேட்டால் நூறு பேரை எடுக்கிற இடம் அது. எடுத்துக்கொண்டால் நாலு வருஷப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பாடு.

வீட்டிலேயே படித்த பிள்ளைகளுக்கு அங்கே ஒரு தனி விதி. பள்ளிக்கூடம் தர வேண்டிய அறிக்கையைப் பெற்றவர் தர வேண்டும். படிவம் அய்யாத்துரையின் போனுக்கு வந்தது. பிள்ளை அதைப் பார்க்கக் கூடாது என்று மேலேயே போட்டிருந்தது. அவர் போனைத் தூக்கிக்கொண்டு நேரே ஜெராக்ஸ் கடை ஜெயினுலாப்தீனிடம் போனார். இவர் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் இங்கிலீஷில் தட்டினார்.

தினமும் படிக்கிற நேரம்? ஆறு மணி நேரம் படிப்பாள். பன்னிரண்டு என்றார். படித்த புத்தகங்கள்? நூற்றைம்பது இருக்கும். முந்நூறு என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாளே, எத்தனை பேர்? பன்னிரண்டு பேர். இருபத்துநாலு என்றார். அவர்கள் எப்படியும் பாதிக்குத்தான் கேட்பார்கள், சரியாக வந்து நிற்கும்.

கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. குடும்பத் தொழிலில் பிள்ளை தினமும் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது?

"ஒண்ணும் கெடையாதுன்னு போடு" என்றார் அய்யாத்துரை.

ஜெயினுலாப்தீன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அவர் கடைக்கு நேர் எதிரேதான் பட்டறை. வாணி குனிந்து உட்கார்ந்து தோலுக்குப் பசை தடவுவதைத் தினமும் பார்க்கிற மனிதர். "அண்ணாச்சி சொன்னா சரிதான்" என்று பூஜ்யத்தைத் தட்டினார்.

அது போன வாரம். இன்று நேர்காணல்.

*

காலை எட்டு மணிக்கு வாணி குழாயடியில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பை வாரின் விளிம்புக்குப் பூசுகிற கறுப்புச் சாயம் நகக்கண்ணில் போய் உட்கார்ந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு எழுந்திருக்காது. தேய்த்ததில் தோல்தான் சிவந்தது. கறுப்பு அப்படியே இருந்தது.

அய்யாத்துரை சட்டைக்குப் பொத்தான் போட்டபடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்கன போயி மேஜை மேல கைய வைக்காத" என்றார். "மடியில வச்சுக்கோ."

வாணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். பதில்கூடத் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை. "சரிப்பா" என்று துணியைக் கொடியில் போட்டாள்.

பூமாரி மகளுக்குத் திருநீறு பூசினாள். பிறகு கணவனை ஓரமாகக் கூப்பிட்டு, அவளைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் இவர் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம், கடையென்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று காதோடு சொன்னாள். "நான் என்ன பைத்தியமா?" என்று அய்யாத்துரை கோபித்துக்கொண்டார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று பூமாரிக்குத் தெரியும்.

நேர்காணல் நடக்கிற மாட்டுங்காவுக்கு அப்பாவும் மகளும் டாக்ஸி பிடித்தார்கள். மீட்டர் போட்ட வண்டியில் ஏறினால் அய்யாத்துரைக்கு எப்போதும் கை ஒடிந்த மாதிரி இருக்கும். பேசிக் குறைக்க வழியில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, உள்ளே போனால் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். ஹோம்ஸ்கூலிங்.

அந்தச் சொல் அவருக்குக் கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், பணக்காரர்கள் இருக்கிற கொலாபாப் பக்கத்திலிருந்து பை வாங்க வந்த ஒரு அம்மாள், தைக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும் என்று பட்டறைக்கு வந்தாள். பட்டறை மூலையில் வாணியைப் பார்த்துவிட்டு, பிள்ளை ஸ்கூலுக்குப் போகவில்லையா என்று இந்தியில் கேட்டாள். அய்யாத்துரை, வீட்டிலேயே படிக்கிறாள் என்று எதையோ உளறினார். அந்த அம்மாளின் முகம் மலர்ந்துபோயிற்று. ஓ, ஹோம்ஸ்கூலிங்கா, எவ்வளவு துணிச்சலான அப்பா நீங்கள் என்று பாராட்டி, பேரம் பேசாமல் இரண்டு பை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று முதல் யார் கேட்டாலும் அந்தச் சொல்தான். சொந்தக்காரர்களுக்கு, வாடிக்கையாளருக்கு, கோயில் கமிட்டிக்கு. சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாளில் அவருக்கே அது நம்பிக்கையாகிவிட்டது.

அதற்கு அடியில் கிடந்தது வேறு. ஊரடங்கு காலத்தில் பட்டறையாட்கள் மூன்று பேரில் இரண்டு பேர் பீகாருக்குப் போனார்கள்; திரும்பவில்லை. இரண்டாயிரத்து இருபத்தொன்று அக்டோபரில் பள்ளிக்கூடம் திறந்தபோது தீபாவளி ஆர்டர் தலைக்குமேல் நின்றது. வாணிக்குப் பதின்மூன்று வயது. சீருடை சிறிதாகிவிட்டது என்று புதிதாகத் தைத்துக்கூட வைத்திருந்தார்கள்.

"ஒரு மாசம் மட்டும் கைகொடும்மா" என்று அவர்தான் சொன்னார்.

*

மாட்டுங்காவில் ஒரு கோயிலுக்குப் பின்புறத் தெருவில், ஒரு சங்கக் கட்டடத்தின் முதல் மாடியில் அறை. கல்லூரிக்காரர்கள் ஒரு நாளைக்கு மட்டும் எடுத்திருந்தார்கள். வீட்டில் படித்த பிள்ளையானால் பெற்றவரும் உள்ளே இருக்க வேண்டும் என்றதால், அய்யாத்துரைக்குச் சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டார்கள்.

நேர்காணல் நடத்தியவர் ஸ்ரீலேகா. அந்தக் கல்லூரியில் கணிதப் பேராசிரியை. ஐம்பது வயதிருக்கும். கண்டாங்கிச் சேலை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. "நானும் இந்தப் பேட்டைப் பொண்ணுதான், ரெண்டு தெரு தள்ளி. வெயில்ல வந்திருக்கேள், தண்ணி குடியுங்கோ" என்று தமிழிலேயே வரவேற்றார். பிறகு வாணியின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஒரு கணக்குக் கொடுத்தார்.

அடுத்த அரைமணி நேரம் அங்கே நடந்தது அய்யாத்துரைக்கு ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் முகம் பார்க்க அவருக்குத் தெரியும். வாணி வலது கையால் எழுதினாள், இடது கையை மடியிலேயே வைத்திருந்தாள். ஒரு இடத்தில் நின்றாள், அடித்தாள், வேறு வழியில் தொடங்கினாள். ஸ்ரீலேகா முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், முன்னால் வந்தார். பிறகு நாற்காலியையே இழுத்துக்கொண்டு வாணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு முறை வாய்விட்டுச் சிரித்து, அவள் எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சரக்கைக் கையில் எடுத்தவர் இனிமேல் கீழே வைக்க மாட்டார் என்று அய்யாத்துரைக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பார்வையை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். காலை நீட்டி உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஸ்ரீலேகா கோப்பைத் திறந்து, அப்பா தந்த அறிக்கையை வெளியே எடுத்தார். படித்த புத்தகங்கள் த்ரீ ஹண்ட்ரட் என்று இருக்கிறதே, அதில் இரண்டைப் பற்றிச் சொல் என்றார்.

வாணி, "ஒன் ஃபிஃப்டி இருக்கும் மேம்" என்றாள்.

எண்கள் அய்யாத்துரைக்கு எந்த மொழியிலும் புரியும். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. வாங்குகிறவர் வாயே திறக்கவில்லை, இந்தப் பெண் தானாகவே விலையைப் பாதியாக்குகிறாள்! இப்படி ஒரு பிள்ளையை எந்த வியாபாரி பெற்றான்?

தினமும் பன்னிரண்டு மணி நேரப் படிப்பு என்று போட்டிருக்கிறதே என்றார் ஸ்ரீலேகா. ஆறு என்றாள் வாணி. சொல்லிக் கொடுக்கிற பிள்ளைகள் இருபத்துநாலு?

"பன்னெண்டு. அதுலயும் ரெண்டு பேரு இப்போ பாண்டுப்புக்குக் குடிபோயிட்டாங்க மேம். பத்துன்னு வச்சுக்கங்க."

ஸ்ரீலேகா பேனாவை மேஜைமேல் வைத்தார். சின்னச் சத்தம்தான்.

"எல்லாமே சரியா பாதியா இருக்கே. அதெப்படி? இந்தப் பேப்பரை நீ முன்னாடியே பார்த்தியா?"

"இல்ல மேம். நீங்க முந்நூறுன்னதும் தெரிஞ்சிருச்சு." வாணி திரும்பி அப்பாவைப் பார்க்கவில்லை. "எங்க கடையில அப்படித்தான் சொல்வாங்க. வாங்குறவங்க பாதிக்குக் கேப்பாங்க. எங்கப்பா உங்கள ஏமாத்தணும்னு சொல்லிருக்க மாட்டாங்க. நீங்களும் குறைச்சுக் கேப்பீங்கன்னு நெனச்சிருப்பாங்க."

ஸ்ரீலேகா அய்யாத்துரையைப் பார்த்தார். அவர் எழுந்து நின்றுவிட்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மகள் சொன்னது அத்தனையும் சரி, இதுதான் நடந்தது, வேறு உள்நோக்கம் ஒன்றுமில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று காதில் விழுந்தது.

"நாங்க குறைச்சுக் கேக்கறதில்லை" என்றார் ஸ்ரீலேகா. குரலில் கோபமே இல்லை. "பெத்தவா எழுதினா நம்பிடறோம். வீட்ல படிச்ச குழந்தைக்கு வேற சாட்சி ஏது? நானும் நம்பித்தான் உக்காந்திருந்தேன்."

அய்யாத்துரையைக் கடைவாசலில் வைத்துத் திருடன் என்று சொன்னவர்கள் உண்டு. கொள்ளைக்காரன் என்று இந்தியிலும் மராத்தியிலும் திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். நம்பினேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஸ்ரீலேகா தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு பூஜ்யம் இருக்கு. குடும்பத் தொழில்ல வேலை ஒண்ணும் இல்லைன்னு. பூஜ்யத்தைப் பாதியாக்கினாலும் பூஜ்யம்தான். அதனால இதை நான் எப்படி எடுத்துக்கறதுன்னு தெரியலை." வாணியிடம் திரும்பினார். "கணக்குப் போடறச்சே உன் கையைப் பார்த்தேன் கொழந்தை. அது என்ன, மையா?"

மேஜைமேல் இருந்த வாணியின் வலது கை மெதுவாகப் பின்னால் வந்தது, விளிம்பைத் தாண்டியது, மடியில் கிடந்த இடது கைக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டது.

காலையில் அந்தக் கையை அங்கே அனுப்பியது யார் என்று அய்யாத்துரைக்குத் தெரியும். இப்போது அவள் வாயைத் திறந்தால் அப்பனைக் காட்டிக் கொடுக்க வேண்டும், திறக்காவிட்டால் பொய்க்குத் துணை நிற்க வேண்டும். பாதியாக்கித் தப்பிக்க இங்கே வழியில்லை. முதல் தடவையாக, தான் மகளை எங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"சாயம் மேடம்" என்றார். "பை வாருக்குப் பூசுறது. பசை வேலையும் அவதான். தெனம் நாலு மணி நேரம். சீசன்ல ஏழு."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம், மூணு மாசம்."

"இதுவும் ரெண்டு மடங்கா?"

"இல்ல மேடம். இது அடக்க விலை."

எந்த வியாபாரியும் அடக்க விலையை வெளி ஆளிடம் சொல்வதில்லை. பெண்டாட்டியிடமே சொல்லாதவர்கள் உண்டு. அதை அய்யாத்துரை மகளுக்கு முன்னால், மாட்டுங்காவில், நின்றுகொண்டு சொன்னார்.

ஸ்ரீலேகா உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இந்த அறிக்கையை இப்படியே கமிட்டிக்கு அனுப்ப முடியாது, நாளை மத்தியானத்துக்குள் புதிதாக ஒன்று வேண்டும் என்றார். ஜெராக்ஸ் கடை வேண்டாம். சொந்தக் கையெழுத்தில், தமிழிலேயே எழுதலாம், தானே வாசித்துக்கொள்வதாகச் சொன்னார். பள்ளிக்கூடம் ஏன் நின்றது என்று அதில் இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும்.

"எம்புள்ளைக்கு இதனால கெட்டுப் போயிருமா மேடம்?"

"தெரியாது" என்றார் ஸ்ரீலேகா. "கணக்கு அவ நன்னாப் போட்டா. ஆனா நான் ஒருத்தி மட்டும் முடிவு பண்றதில்லை. முதல் அறிக்கையையும் அவா பாப்பா."

*

வெளியே வந்ததும் வாணி நடந்தே போகலாம் என்றாள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்களை அடுக்கிவைத்திருக்கிற இடத்துக்கு வந்தார்கள். நூற்றைம்பதில் முக்கால்வாசி இங்கே வாங்கியதுதான். புத்தகக்காரர் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவள் நிற்கவில்லை.

அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது அய்யாத்துரைக்கு. இரண்டு முறை கரும்புச்சாறு வேண்டுமா என்று கேட்டார். இரண்டு முறையும் வேண்டாம் என்றாள். சயான் பாலம் தெரிகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வேலை செய்யுதேன்னு நீயே சொல்லிருக்கலாம்ல, எம்மா?"

"கைய மடியில வைன்னு நீங்கதானே சொன்னீங்க."

டிராம்பே போகிற பஸ் ஒன்று ஒதுங்கி நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"எப்பா." வாணி நடையை நிறுத்தவில்லை. "விக்கும்போது ரெண்டு மடங்கு சொல்வீங்க. வாங்கும்போது பாதி சொல்வீங்க. சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன்."

"ஆமா."

"அன்னைக்கு ஒரு மாசம்னு சொன்னீங்களா? நான் ரெண்டு மாசம்னு எடுத்துக்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அய்யாத்துரை ஓர் அடி பின்தங்கி நடந்தார். தாராவி வந்து சேர்கிற வரைக்கும் அவரால் அந்த ஓர் அடியைக் கடக்க முடியவில்லை.

*

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டறையாள் டீ குடிக்கப் போனான். வெட்டு மேஜையில் தோல் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, அய்யாத்துரை கோடு போட்ட தாளை விரித்தார். எட்டாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்தில் சரக்குச் சிட்டை தவிர எதுவும் எழுதி வருஷக்கணக்காகிறது.

எதிரே பூமாரி முக்காலியில் உட்கார்ந்து, தைத்து முடித்த பைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மாட்டுங்காவில் நடந்ததைத் துண்டு துண்டாக அவளிடம் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டு அவள் திட்டாமல் கத்தரிக்கோலைத்தான் எடுத்தாள். அதுவே அவருக்கு விநோதமாக இருந்தது.

வாணி மேலே இருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும். வாசிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். தான் எழுதுவதை அவளால் சட்டென்று படித்துவிட முடியாது என்று அய்யாத்துரைக்கு ஒரு நிமிஷம் நிம்மதி வந்தது. அடுத்த நிமிஷம் அந்த நிம்மதியை நினைத்தே தலை குனிந்தது. மூன்று தாளைக் கிழித்தார். நாலாவது தாள் நின்றது.

"எழுதினத வாசிங்க" என்றாள் பூமாரி.

அவர் குரலைத் தாழ்த்தி வாசித்தார். "என் பட்டறையில் வேலை பார்த்த மூவரில் இருவர் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. தீபாவளி ஆர்டர் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்தபோது மகளை நான் அனுப்பவில்லை. ஒரு மாதம் என்று சொன்னேன். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. அவள் படித்ததெல்லாம் அவளாகப் படித்தது. இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. குற்றம் முழுக்க என்னுடையது."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"அந்தக் கடைசி வரிய அடிங்க" என்றாள் பூமாரி.

"ஏன்?"

"நானும் கையெழுத்துப் போடணும்னு சொன்னியள்ளா? பொய்யில எப்படிப் போட?" மடியிலிருந்த பையின் வாரை நீவி நீவி நேராக்கினாள். "அவ டீச்சரு வந்தாவ. அந்தத் தீபாவளி முடிஞ்சி. நீங்க கடையில இருந்திய."

அய்யாத்துரை பேனாவைக் கீழே வைக்கவில்லை.

முதல் தடவை, வாணி ஏன் வரவில்லை என்று கேட்டு அந்த டீச்சர் வந்தாளாம். உடம்புக்கு முடியவில்லை என்று பூமாரி சொல்லி அனுப்பினாள். அடுத்த தடவை புத்தகங்களைக் கொண்டுவந்தாள். கடைசித் தடவை ஒரு தாள். ஏதோ வெளியூர் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துப் பரீட்சையாம், இவளை மாதிரி பிள்ளை எழுதினால் நிச்சயம் எடுத்துக்கொள்வார்கள், கையெழுத்துப் போட்டால் மட்டும் போதும் என்று வாசலில் நின்று கெஞ்சினாளாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அனுப்பிருவிய. உங்களுக்கு எளகின மனசு." பூமாரியின் குரல் தேய்ந்தது. "பட்டறைய மூடுனா சாப்பாட்டுக்கு என்ன செய்யன்னு நான்தான் பயந்தேன். அவளுக்கும் தெரியாது. டீச்சரு வந்த நேரமெல்லாம் வாணி தண்ணிக்குப் போயிருந்தா."

"அந்தத் தாளு?"

அவள் பார்வை வெட்டு மேஜைக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டிக்குப் போயிற்று. "கிழிக்க மனசு வரல."

இரும்பு ஏணி லேசாகக் கிறீச்சிட்டது. இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். வாணி பாதி ஏணியில் நின்றிருந்தாள். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. எப்போதிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தொடக்கத்திலிருந்தே என்று தோன்றியது.

"எத்தன தடவ வந்தாங்க, எம்மா?"

"மூணு" என்றாள் பூமாரி.

வாணி மீதிப் படிகளை இறங்கி வந்தாள். அம்மாவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். சாயம் படிந்த இரண்டு கைகளையும் ஒளிக்காமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை. துணிக்கடையில் மீட்டர் என்ன விலை என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"நெசமாவே மூணா? இல்ல ஆறா?"

அய்யாத்துரை பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த எண் வந்தாலும் கூட்டாமல் குறைக்காமல் அதையே எழுதிக்கொள்ள வேண்டும்.